ஸ்க்ரூவை இறுக்கினால் சரியாகிவிடுமா?

கேள்வி: ஐயா, டெக்சாஸில் வசிக்கிறேன். எட்டு மாதமாக இடுப்பில், பேன்ட்டுக்கு உள்பக்கமாகக் கிளிப் செய்யும் கைடெக்ஸ் (விறைப்பான பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டரில், அதாவது துப்பாக்கி உறையில், கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு வெளியே போகிறேன். வலது பக்கம், சற்றே பின்னால். போன வாரம் கடையில் கீழ்த்தட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் கட்டைத் தூக்கக் குனிந்தேன். ஹோல்ஸ்டர் துப்பாக்கியோடு ஒரு பக்கம் எழும்பிச் சாய்ந்துவிட்டது. சட்டைக்கு மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு ஓடி வந்தேன். வீட்டில் ஹோல்ஸ்டரின் ஸ்க்ரூவை நன்றாக இறுக்கினேன். இப்போது காலித் துப்பாக்கியை உருவிப் பார்த்தால் ஹோல்ஸ்டரும் கூடவே வருகிறது! பட்டன் பூட்டு உள்ள ஹோல்ஸ்டர் வாங்கவா? வண்டி ஓட்டும்போது இடுப்பில் குத்துவதால் எடுத்துக் கப் ஹோல்டரில் வைத்துக்கொள்கிறேன், அது சரிதானா? மூன்று வயது மகள் இருக்கிறாள். இன்னொன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது: வெளியிடங்களில் கழிப்பறைக்குப் போனால் இதை என்ன செய்வது?

பதில்: நீங்கள் கூச்சப்பட்டுக் கடைசியில் கேட்டதுதான் உங்கள் கடிதத்திலேயே நல்ல கேள்வி. அதற்கு வருகிறேன். முதலில் கடையில் நடந்தது.

துப்பாக்கியை ஹோல்ஸ்டர் பிடித்திருக்கிறது. ஹோல்ஸ்டரைக் கிளிப் பெல்ட்டோடு பிடித்திருக்கிறது. பெல்ட்டை உங்கள் இடுப்பு பிடித்திருக்கிறது. ஆக மூன்று பிடி. கடையில் விட்டுப்போனது இரண்டாவது பிடி. வீட்டுக்கு வந்து நீங்கள் இறுக்கியதோ முதல் பிடியை. வலி ஒரு பல்லில், பிடுங்கியது பக்கத்துப் பல்லை. ஹோல்ஸ்டர் துப்பாக்கியைப் பிடிக்கும் பலம், கிளிப் பெல்ட்டைப் பிடிக்கும் பலத்தைவிட அதிகமாகிவிட்டது. அப்படியானால் இழுக்கும்போது எது முதலில் விடும்? கிளிப்தான். அதனால்தான் உறையோடு உருவி வருகிறது. பயிற்சியில் இப்படி நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நிஜமாக எடுக்க வேண்டிய நேரத்தில் வந்தால் உங்கள் கையில் இருப்பது பிளாஸ்டிக் சட்டை போட்ட ஓர் இரும்புத் துண்டு, அவ்வளவுதான்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: மகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) எடுத்துவிட்டுச் சேம்பரை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை, கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். இப்போது கிளிப்பைக் கவனியுங்கள். அதன் கீழ் நுனியில் உள்நோக்கி வளைந்த ஒரு கொக்கி இருக்கும். பெல்ட்டின் கீழ் விளிம்புக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ள வேண்டியது அதுதான். பெரும்பாலானவர்கள் கிளிப்பைப் பெல்ட்டின் மேல் தள்ளுவார்கள், 'டக்' என்று ஏதோ ஒரு சத்தம் வரும், மாட்டிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். கொக்கி பாதி பெல்ட்டில் நின்றிருக்கும், அல்லது பேன்ட் துணியின் மடிப்பைக் கவ்வியிருக்கும். சும்மா நிற்கும்போதும் நடக்கும்போதும் ஒன்றும் தெரியாது. குனிந்தால் தெரியும். ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் பெல்ட்டின் கீழ் விளிம்பில் ஆள்காட்டி விரலை ஓட்டுங்கள். கொக்கியின் உதடு பெல்ட்டுக்கு அடியில் இருப்பது விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். இரண்டு நொடி வேலை. சட்டைப் பட்டன் போடுவது மாதிரிப் பழகிவிடும்.

அளவும் பொருந்த வேண்டும். கிளிப்புகள் பொதுவாக ஒன்றரை அங்குலம், ஒன்றேமுக்கால் அங்குலம் என்று வரும். ஒன்றேமுக்கால் அங்குலக் கிளிப்பை ஒன்றேகால் அங்குல அலுவலகப் பெல்ட்டில் மாட்டினால் அரை அங்குலம் மேலும் கீழும் ஆட இடம் இருக்கிறது. அந்த ஆட்டத்தில்தான் கொக்கி நழுவும். உங்கள் கடிதத்தில் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால் அது சாதாரணப் பெல்ட் என்றே எடுத்துக்கொள்கிறேன். துப்பாக்கி வாங்க மாதக்கணக்கில் படித்து, ஹோல்ஸ்டருக்கு ஒரு வாரம் யோசித்து, பெல்ட்டுக்கு அலமாரியில் கிடந்ததை எடுத்துக் கட்டுகிறவர்கள்தான் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர். ஒன்றரை அங்குல அகலத்தில், உள்ளே விறைப்பான பட்டை வைத்து, எடை தாங்குவதற்கென்றே செய்த பெல்ட் கிடைக்கும். அதைக் கட்டிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

குனிந்தபோது ஏன் எழும்பியது என்றும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் இடுப்பைக் கடிகார முகமாகப் பார்ப்போம். பெல்ட் பக்கிள் 12 மணி, வலது இடுப்பெலும்பு 3 மணி. நீங்கள் சொல்லும் இடம் 4 மணி. அங்கே வைத்துக்கொண்டு முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்தால் பின்பக்கப் பேன்ட் விளிம்பு உடம்பை விட்டு விலகும். துப்பாக்கியின் கனமான பாகமோ பெல்ட்டுக்கு மேலே நிற்கிறது. கைப்பிடி, அதற்குள் நிறைந்த மகசின், எல்லாம் மேலேதான். விளிம்பு விலகியதும் அந்தக் கனம் வெளிப்பக்கமாகச் சாயும். கிளிப் சரியாக மாட்டியிருந்தால் சட்டை கொஞ்சம் புடைப்பதோடு போயிருக்கும். உங்களுக்குக் கொக்கி மாட்டவில்லை, ஆகவே மொத்தமும் கிளம்பிவிட்டது. ஹோல்ஸ்டர் உட்காரும் உயரத்தை மாற்றத் துளைகள் இருந்தால் ஒரு துளை கீழே இறக்குங்கள். தூக்கும்போது முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து தூக்குங்கள். முதுகுவலி மருத்துவர் சொல்வதும் இதைத்தான், அவர் காரணம் வேறு.

சரி, ஸ்க்ரூ. கைடெக்ஸ் என்பது சூடுபடுத்தினால் இளகி, ஆறினால் இறுகும் பிளாஸ்டிக் தகடு. துப்பாக்கியின் அச்சின் மேலேயே வைத்து அழுத்தி வடிவம் எடுப்பார்கள். ட்ரிக்கர் கார்டு, அதாவது சுடும் விசையான ட்ரிக்கரைச் சுற்றியிருக்கும் வளையம், போய் உட்காரும் இடத்தில் ஒரு குழிவு இருக்கும். துப்பாக்கியைச் செருகும்போது 'க்ளிக்' என்று கேட்பது அது பொருந்துகிற சத்தம். ஸ்க்ரூ நுழைந்து போகும் ரப்பர் வாஷரை அழுத்தி அந்தக் குழிவை நெருக்குவதுதான் ஸ்க்ரூவின் வேலை. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. நீங்கள் இறுக்கியதை முழுக்கத் தளர்த்துங்கள். பிறகு கால் சுற்று, கால் சுற்றாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் காலித் துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் செருகி, மெத்தைக்கு மேல் தலைகீழாகப் பிடித்து நாலைந்து முறை நன்றாக உதறுங்கள். விழாமல் நிற்கும் முதல் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அங்கிருந்து பெல்ட்டில் மாட்டி இருபது முறை உருவிப் பாருங்கள். ஒரு முறைகூட ஹோல்ஸ்டர் கூடவே வரக் கூடாது. வந்தால் மறுபடி கிளிப்பையும் பெல்ட்டையும் பாருங்கள், ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.

அளவு பிடிபட்டதும் ஸ்க்ரூ தலையிலிருந்து ஹோல்ஸ்டர் வரை நெயில் பாலிஷால் ஒரு சின்னக் கோடு போட்டுவையுங்கள். நடக்க நடக்க ஸ்க்ரூ தளரும். தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். மரையில் பூசும் த்ரெட்லாக்கர் பசை போடுவதானால் நீல நிறம், ஒரே ஒரு சொட்டு, ஸ்க்ரூவைக் கழற்றி அதன் மரையில் மட்டும். பிளாஸ்டிக்கின் மேல் வழியவிடாதீர்கள். சில பிளாஸ்டிக்குகளில் அந்தப் பசை விரிசல் விடவைக்கும். சிவப்பு வேண்டவே வேண்டாம். என் மாணவர் ஒருவர் 'பலமாக இருக்கட்டும்' என்று சிவப்பைப் போட்டுவிட்டார். அதைக் கழற்றச் சூடு வைக்க வேண்டும். சூடு வைத்தார். ஸ்க்ரூ வந்தது, ஹோல்ஸ்டரும் குழைந்து வந்தது.

பட்டன் பூட்டுள்ள ஹோல்ஸ்டர் உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. அவை வெளியே தெரியும்படி துப்பாக்கி அணியும் காவலர்களுக்காக வந்தவை. கூட்டத்தில் ஒருவன் பின்னாலிருந்து பிடுங்கப் பார்ப்பான் என்பதுதான் அங்கே கவலை. லெவல் 1, 2, 3 என்று விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். முன்னாள் எஃப்பிஐ அதிகாரி பில் ராஜர்ஸ் ஏற்படுத்திய முறை அது. பிடுங்குகிறவனைத் தாக்குப்பிடிக்கிறதா என்பதுதான் அதில் சோதனை. நீங்கள் மறைத்து வைத்திருக்கிறீர்கள். இருப்பதே தெரியாததை யார் பிடுங்கப்போகிறார்கள்? பூட்டு வைத்தால் அதை விடுவிக்கும் பழக்கமும் கைக்கு வர வேண்டும், அதற்கு நூற்றுக்கணக்கான முறை ஒத்திகை தேவை. அந்த நேரத்தைப் பெல்ட்டுக்கும் கிளிப்புக்கும் கொடுங்கள்.

ஹோல்ஸ்டரில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று, ட்ரிக்கர் முழுக்க மூடியிருக்க வேண்டும், மூடுகிற பொருள் விறைப்பாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ட்ரிக்கர் அசையக் கூடாது. மலிவான துணிப் பட்டைகளும், பல வருடம் உழைத்து வாய் தொங்கிப்போன தோல் உறைகளும் இதில் தோற்றுப்போகும். பழைய தோல் உறையின் உதடு உள்ளே மடிந்து, துப்பாக்கியைச் செருகும்போது ட்ரிக்கரையே அழுத்திவிட்ட சம்பவங்கள் உண்டு. துப்பாக்கியில் டார்ச் பொருத்தியிருந்தால் டார்ச்சுக்கென்றே வடித்த ஹோல்ஸ்டர்தான். அதிலும் ட்ரிக்கர் பக்கம் விரல் நுழையும் இடைவெளி இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

ஹோல்ஸ்டரே இல்லாமல் செருகிக்கொள்வதைப் பற்றி ஒரு வரி. 2008 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் வெற்றி டச்டவுனைப் பிடித்த ஆட்டக்காரர் பிளாக்சிகோ பரெஸ். அதே வருடம் நவம்பரில் நியூயார்க் இரவு விடுதி ஒன்றில், ஸ்வெட்பேன்ட் இடுப்பில் செருகியிருந்த அவருடைய துப்பாக்கி நழுவியது. நழுவியதைப் பிடிக்கப் போய்த் தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். இரண்டு வருடச் சிறைத் தண்டனை.

இந்த 'பிடிக்கப் போய்' என்பதை நினைவில் வையுங்கள். 2018 ஜூனில் டென்வரில், பணியில் இல்லாத எஃப்பிஐ அதிகாரி ஒருவர் நடனமாடும்போது பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டார். இடுப்பிலிருந்து துப்பாக்கி தரையில் விழுந்தது. விழுந்தபோது அது வெடிக்கவில்லை. அவர் பதறிக்கொண்டு எடுத்தார் பாருங்கள், அப்போதுதான் வெடித்தது. அங்கிருந்த ஒருவர் காலில் குண்டு பாய்ந்தது. இன்றைய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை கீழே விழுந்தால் வெடிக்காதபடி உள்ளேயே தடுப்பு வைத்துச் செய்யப்படுகின்றன. விழுகிறதைப் பிடிக்கப் போகும் விரலுக்குத்தான் தடுப்பு இல்லை. ஆகவே என்றாவது நழுவினால் விழ விடுங்கள். விழுந்த பிறகு நிதானமாகக் குனிந்து, விரலை ட்ரிக்கருக்கு வெளியே வைத்து எடுங்கள். கடையில் நீங்கள் சட்டைக்கு மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டீர்கள். துப்பாக்கி ஹோல்ஸ்டருக்குள்ளேயே இருந்ததால் அது சரியான காரியம்தான்.

இதிலிருந்துதான் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் வருகிறது. அன்றாடம் துப்பாக்கி தவறாக வெடிப்பது பெரும்பாலும் அதை எடுக்கும்போதோ திரும்ப வைக்கும்போதோதான். சும்மா உறைக்குள் உட்கார்ந்திருக்கும் துப்பாக்கி பொதுவாக யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அதனால் துப்பாக்கி வேறு, ஹோல்ஸ்டர் வேறு என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே சாமான். இடுப்பில் ஏறினாலும் ஒன்றாக, இறங்கினாலும் ஒன்றாக. காலையில் துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் செருகி, உடம்புக்கு வெளியே, குழல் பாதுகாப்பான பக்கம் பார்த்திருக்க, க்ளிக் கேட்ட பிறகு, அப்படியே கொண்டுபோய்ப் பெல்ட்டில் மாட்டுங்கள். இரவில் அப்படியே கழற்றுங்கள். இடுப்பில் இருக்கும் ஹோல்ஸ்டருக்குள் திரும்பச் செருக வேண்டி வந்தால் அவசரமே கூடாது. சட்டை நுனியை மறு கையால் மார்பு வரை தூக்கிப் பிடித்து, குனிந்து கண்ணால் பார்த்துச் செருகுங்கள். ஜாக்கெட்டின் இடுப்புக் கயிற்று நுனியில் ஒரு பிளாஸ்டிக் குமிழ் தொங்கும். அது ட்ரிக்கர் கார்டுக்குள் புகுந்து விரலின் வேலையைச் செய்துவிடும். அந்தக் குமிழ்களை இன்றே வெட்டி எறியுங்கள்.

கழிப்பறைக்கு வருவோம். துப்பாக்கியை வெளியே எடுக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியின் மேல் வைப்பது, கதவுக் கொக்கியில் ட்ரிக்கர் கார்டை மாட்டித் தொங்கவிடுவது, டிஷ்யூ பெட்டியின் மேல் வைப்பது, மூன்றும் நடக்கிறது, மூன்றும் மறந்துவிட்டு வருவதில் முடிகிறது. காவலர்களே மறந்துவிட்டு வந்து செய்தியானதுண்டு. அடுத்து உள்ளே வருகிறவர் ஒரு சிறுவனாக இருக்கலாம். செய்ய வேண்டியது இதுதான்: கதவைத் தாழிட்டதும் ஒரு கையால் ஹோல்ஸ்டரைப் பேன்ட்டோடு சேர்த்துப் பிடியுங்கள். பெல்ட்டைத் தேவையான அளவு மட்டும் தளர்த்தி, பேன்ட்டை முழங்காலுக்கு மேலேயே நிறுத்துங்கள், கணுக்கால் வரை போகவிடாதீர்கள். கணுக்காலில் கிடந்தால் பக்கத்து அறைக்காரருக்குத் தடுப்பின் அடியில் தெரியும், கனத்தில் பேன்ட் கவிழவும் செய்யும். உட்கார்ந்ததும் பெல்ட்டின் பக்கிளைத் திரும்ப மாட்டிவிட்டால் பேன்ட் தொடைகளுக்கு நடுவில் ஒரு தொட்டில் மாதிரி விறைத்து நிற்கும், ஹோல்ஸ்டர் சாயாது. எழும்போது முதலில் கை போக வேண்டியது ஹோல்ஸ்டருக்கு, பிறகு மற்றது. வீட்டுக் குளியலறையில் காலித் துப்பாக்கியோடு நாலைந்து முறை செய்து பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் பழகிவிடும்.

கப் ஹோல்டரை இன்றோடு விட்டுவிடுங்கள். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தடை ஏதும் இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அது வெளியே தெரிகிறது என்றால் ஹோல்ஸ்டரில் இருக்க வேண்டும், வண்டிக்குள்ளும்தான். உறையில்லாமல் கப் ஹோல்டரில் பளிச்சென்று தெரியும் துப்பாக்கி அங்கே குற்றம். வேறு மாநிலத்துக்கு ஓட்டிப் போனால் சட்டமே வேறு, எல்லை தாண்டும் முன் அந்த மாநிலத்துச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தை விடுங்கள், ஒரு பிரேக் அடித்தால் அது காலடியில் ஓடும், அதை எடுக்க உங்கள் கை தானாகத் தேடும். மேலே சொன்ன 'பிடிக்கப் போய்' கதைதான் மறுபடி. இடுப்பில் குத்துகிறது என்றால் இருக்கையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள், சீட் பெல்ட்டின் இடுப்புப் பாகம் துப்பாக்கியின் கைப்பிடிக்கு அடியில் போகட்டும். அல்லது ஹோல்ஸ்டரை 3 மணிக்கு நகர்த்திப் பாருங்கள். துப்பாக்கி கூடாத இடத்துக்குப் போக வேண்டிய நாளில் வீட்டுப் பெட்டகத்திலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம். வண்டியில் விட்டே ஆக வேண்டும் என்றால், இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு கம்பிவடத்தால் பிணைத்த பூட்டுப் பெட்டிக்குள், ஹோல்ஸ்டரோடு. அதையும் கிளம்பும் முன்பே வீட்டில் செய்துவிடுங்கள். போன இடத்து வாகன நிறுத்தத்தில் கழற்றி வைத்தால், எங்கே இருக்கிறது என்று நீங்களே ஊருக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி. கைடெக்ஸ் ஹோல்ஸ்டரைக் கோடை வெயிலில் டாஷ்போர்டின் மேல் விடாதீர்கள், வடிவம் மாறக்கூடும்.

மகளைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் கூடவே எழுதுகிறேன். 2014 டிசம்பர் 30 அன்று ஐடாஹோ மாநிலம் ஹேடனில், ஒரு கடையில், தாயின் கைப்பையில் இருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்துச் சுட்டு, தாய் இறந்துபோனார். பை தள்ளுவண்டியில் குழந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அலட்சியமானவர் இல்லை, துப்பாக்கிக்கென்று தனி அறை வைத்த பைதான் அது. நான் பைகளைப் பரிந்துரைக்காததற்கு இதுதான் காரணம். பை உடம்பிலிருந்து கழலும், துப்பாக்கி அதோடு போகும். உங்கள் வீட்டில் ஹோல்ஸ்டருக்கு இரண்டே இடம்தான்: உங்கள் இடுப்பு, அல்லது பூட்டிய பெட்டகம். படுக்கையருகே மேசை, அலமாரியின் மேல்தட்டு, கழற்றிய பேன்ட்டோடு நாற்காலியில், எதுவும் வேண்டாம். மூன்று வயதுக் குழந்தை ஏறாத அலமாரி இல்லை. டெக்சாஸ் சட்டம் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்குத் தோட்டா நிரப்பிய துப்பாக்கி கிடைத்துவிடும்படி அலட்சியமாக விடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. மகளை இடுப்பில் தூக்குவதானால் இடது பக்கம் தூக்கிப் பழகுங்கள். தரையில் உருண்டு விளையாடும் நேரம் என்று தெரிந்தால் விளையாட்டுக்கு முன்பே கழற்றிப் பூட்டிவிடுங்கள். விளையாட்டு நடுவில் எழுந்து கழற்றுகிற பொறுமை எந்த அப்பாவுக்கும் இருக்காது.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. மாதம் ஒரு முறை துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு ஹோல்ஸ்டருக்குள் சேர்ந்த நூல் தூசியைத் தட்டுங்கள், வியர்வை பட்ட ஸ்க்ரூக்களில் துரு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், கிளிப் வளைகிற மூலையை வெளிச்சத்தில் பிடியுங்கள். பிளாஸ்டிக் கிளிப் என்றால் முதலில் அங்கேதான் மயிரிழை விரிசல் விழும். விழுந்தால் அன்றே மாற்றுங்கள். கிளிப்பை மட்டும் தனியாக விற்பார்கள்.

பெல்ட் வந்ததும் இருபது முறை உருவிப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்து, என்ன ஆனது என்று எழுதுங்கள். அதுவரை வெளியே எடுத்துப் போகாமல் பெட்டகத்திலேயே இருக்கட்டும். அப்புறம், எட்டு மாதம் பழகிய கை சில நாள் வண்டியில் ஏறியதும் தானாகவே கப் ஹோல்டர் பக்கம் போகும். அங்கே காபி கப்பை வைத்துவிடுங்கள்.